வளர்மதி கால் வழுக்கிய இடம்

விருத்தாசலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தனியாக ஓர் ஆள் உட்காருவதற்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஜங்ஷன் பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த வண்டிக்கு என்று கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பழமலைநாதர் கோயிலில் உட்காரலாம். ஆனால் தினமும் போனால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று பேசுவார்கள். என் வீட்டில் பிரச்சினை எதுவும் இல்லை சார். வீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் குருமூர்த்தி. வயது ஐம்பத்தாறு. செராமிக் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கிறேன். மனைவி அமிர்தம் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவள் போன புதிதில் ஒரு திங்கட்கிழமை காலை வேலையில் நின்றபோது யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் முழுக்க நான் பேசியது பால்காரரிடம் சொன்ன 'அரை லிட்டர்' மட்டும்தான். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கணக்கு எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் வந்தது.

பேட்டைச் சாலையில் இருக்கும் கூடைப்பந்து மைதானத்துக்கு நான் போனது மழையால். சைக்கிளை நிறுத்திவிட்டு மதில் ஓரத் தகரக் கூரையின் கீழ் ஒதுங்கினேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொளஞ்சிநாதன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் திருமால், முப்பத்தைந்து வயது, கடைவீதியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். மழை விட்டதும் பெண்கள் மறுபடி ஆட இறங்கினார்கள். அவர்களில் ஒரு பெண் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருந்தாள். கொளஞ்சிநாதன் என் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, நீங்க சொல்லுங்க. அந்த நெட்டப் பொண்ணு தேறுமா, தேறாதா?"

என்னிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. கூடைப்பந்தைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

"தேறும்ங்க" என்றேன்.

"பாத்தீங்களா, இவரும் நம்ம ஆளு" என்று திருமால் தொடையைத் தட்டினார். அந்த ஒரு சொல்லால் எனக்கு ஒரு கட்சி கிடைத்தது. மறுநாளும் போனேன். பிறகு தினமும் போனேன்.

அந்தப் பெண்தான் வளர்மதி. அப்போது வயது பதினைந்து, உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமம். பேர் வைத்த பாவத்துக்கு வளர்ந்துகொண்டே போகிறாள் என்று ஊரில் கேலி செய்வார்களாம். பதினேழு முடியும்போது ஆறடி இரண்டு அங்குலம் ஆகிவிட்டாள். ஆட்டத்தில் அவளுக்கு சென்டர் இடம். அதாவது வளையத்துக்குக் கீழே நின்று, உள்ளே வரும் பந்தை வாங்கிப் போடுவதும், தவறி விழும் பந்தை எல்லோருக்கும் மேலே எட்டிப் பிடிப்பதும் அவள் வேலை.

எங்கள் சண்டை எப்போதும் அவளைப் பற்றித்தான்.

"ஒசரம் கண்ணுக்குத் தெரியுது. வெளையாட்டு எங்க இருக்குது?" என்பார் கொளஞ்சிநாதன். "திரும்பறதுக்குள்ள ஒரு கூட்ஸ் வண்டி போயிடும். ஃப்ரீ த்ரோ பத்து போட்டா நாலுதான் உள்ள வுழுது. இதுக்குப் பேரு சென்டரா?"

"கொஞ்சம் பொறுங்க பெருசு, எடது கை இப்பத்தான் வந்துகிட்டு இருக்குது" என்பார் திருமால். பிறகு போனில் வெளிநாட்டுப் பெண்கள் ஆடுவதைக் காட்டி, இவர்களும் பதினேழு வயதில் இப்படித்தான் இருந்தார்கள் என்பார். ஆனால் அவரும் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டார். மாநில டீம் வரை போவாள், அதற்கு மேல் சந்தேகம் என்பார்.

நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் அவள் எத்தனை பந்து பிடித்தாள், எந்தப் பக்கம் திரும்பினாள், எங்கே நின்று போட்டாள் என்று குறித்து வைப்பேன். வாதம் சூடாகும்போது நோட்டைத் திறப்பேன். கொளஞ்சிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். படித்துவிட்டு, "எழுதுனது நீயி. பிடிச்சவ அவளா, நீயான்னு யாரு பாத்தா?" என்பார். மூன்று பேரும் சிரிப்போம். செல்வநாயகி அம்மா பெட்டிக்கடையிலிருந்து டீ வரும். இது இரண்டு வருஷம் நடந்தது சார். இரண்டு வருஷத்தில் நான் ஒருநாள்கூடக் காய்ச்சல் என்று படுக்கவில்லை.

வளர்மதியின் அம்மா வீரம்மாள் எங்கள் கம்பெனியில்தான் வேலை செய்கிறாள் என்பது பிறகு தெரிந்தது. சூளைக்குப் போகும் முன் கட்டைகளைத் துடைத்துச் சீவும் வேலை. மகளைப் பற்றி நான் பேசியதும் என்னை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்த முறையில் வளர்மதிக்கு நான் மாமா ஆனேன். ஒருநாள் அவள் மதில் ஓரம் தண்ணீர் குடிக்க வந்தவள், என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, பந்த எண்றீங்களா, எங் கால எண்றீங்களா?"

"ரெண்டையுந்தான்" என்றேன்.

"நான் தேறுவேனா மாமா?"

"தேறுவ."

"கொளஞ்சி தாத்தா தேறமாட்டேங்கறாரே."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நீ ஆடு."

அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அதற்குப் பிறகு ஆட்டம் முடிந்ததும் முதலில் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நான் விரலால் எண்ணிக்கையைக் காட்டுவேன்.

பயிற்சியாளர் ஆதிலட்சுமிக்கும் என்மேல் நம்பிக்கை இருந்தது. காலையில் மைதானத்தைக் கூட்ட ஆள் இல்லை என்று அவர் ஒருமுறை சொன்னபோது நானே கேட்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டேன். சாவி என்னிடம்தான் இருக்கும். போட்டி நாட்களில் துண்டு வைத்துக்கொண்டு, வியர்வை சிந்திய இடங்களைத் துடைப்பேன். சிமெண்டுத் தரை, மேலே பச்சைப் பெயிண்ட். வியர்வை பட்டால் வழுக்கும். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கவனமாகத் துடைப்பேன். இரண்டு வருஷத்தில் ஒருவரும் விழவில்லை.

போன வருஷம் பொங்கல் முடிந்து சில நாளில் ஆதிலட்சுமி ஒரு செய்தி சொன்னார். சென்னையில் உள்ள ஒரு விளையாட்டு விடுதியிலிருந்து இரண்டு பேர் மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். வளர்மதியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். எடுத்துவிட்டால் ஜூன் மாதம் அங்கே போய்ச் சேர வேண்டும். தங்குவது, படிப்பது, ஆடுவது எல்லாம் அங்கேதான்.

அன்று மதில் ஓரத்தில் கொஞ்ச நேரம் யாரும் சண்டை போடவில்லை.

"போயிட்டான்னா என்ன பெருசு பண்றது? சாயங்காலத்துல கடையில குந்திகிட்டு ஸ்க்ரீன் மாத்த வேண்டியதுதான்" என்றார் திருமால்.

"நான் திருச்சிக்கு மக வூட்டுக்குப் போயிடுவேன்டா" என்றார் கொளஞ்சிநாதன். "இவள வுட்டா இங்க யார பாக்கறது, யார வையறது?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அதை யோசித்தேன்.

அவள் நல்லதுக்காகவும் யோசித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே போனால் அவளைவிட உயரமான பெண்கள் ஐந்து பேர் இருப்பார்கள். ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். இங்கே இன்னும் ஒரு வருஷம் ஆடினால் இடது கை நன்றாக வந்துவிடும், ஃப்ரீ த்ரோவும் வந்துவிடும். அவசரப்படத் தேவையில்லை. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் வருவார்கள். கணுக்கால் லேசாகப் பிசகினால் பத்து நாள் கட்டு. பிறகு எல்லாம் பழையபடி இருக்கும்.

எங்கள் கம்பெனியில் அச்சில் களிமண் ஒட்டாமல் இருக்க ஒரு மாவு தூவுவோம். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். தரையில் சிந்தினால் உடனே கூட்டச் சொல்லி நான்தான் சத்தம் போடுவேன். அதன்மேல் கால் வைத்தால் நிற்காது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலையில். கடலூர் டீமோடு ஆட்டம். சென்னையிலிருந்து வந்த இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் நான்கு பகுதி. மூன்று பகுதி முடியும்போது வளர்மதி இருபத்திரண்டு புள்ளி எடுத்திருந்தாள், பதினேழு பந்து பிடித்திருந்தாள். கொளஞ்சிநாதன்கூடச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை போட்டிருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் தலையை ஆட்டிவிட்டு, ஒரு தாளில் எதையோ எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முடிவு எடுத்தவர் எழுதுகிற மாதிரி எழுதினார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது என்று சொல்லலாமா என நினைத்தேன். ஆனால் மாவு சனிக்கிழமையே என் பையில் இருந்தது. அதனால் அப்படிச் சொல்வது சரியாக இருக்காது.

எங்கள் டீம் அப்போது பந்து போட வேண்டிய வளையத்துக்கு இடப்பக்கம், கோட்டை ஒட்டி, முழுக்க வெள்ளை அடித்த சின்னக் கட்டம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பெயிண்டர் அதைக் கொஞ்சம் தாராளமாகவே அடித்திருந்தார். வெள்ளைமேல் வெள்ளை தெரியாது. கடைசிப் பகுதி தொடங்கும் முன் நான் துண்டோடு உள்ளே போனேன். வலப்பக்கம் வியர்வை இருந்தது, அதைத் துடைத்தேன். பிறகு இடப்பக்கம் போய் அந்தக் கட்டத்தின் மேல், மாவு வைத்திருந்த துண்டின் மடிப்பை அழுத்தித் தேய்த்தேன். பத்து விநாடிகூட ஆகவில்லை.

வேறு பெண் யாராவது வழுக்கியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டீர்கள். வேறு யாரும் அங்கே நிற்க மாட்டார்கள் சார். கடைசிப் பகுதியில் பந்து உள்ளே வந்தால் அவள் முதலில் அந்தக் கட்டத்தில்தான் நிற்பாள், யாருக்கும் அந்த இடத்தை விட மாட்டாள். நூறில் எண்பது தடவை அப்படித்தான். என் நோட்டில் இருக்கிறது. அவள் ஆட்டத்தை அந்த அளவுக்குத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கினாள். இடது காலை ஊன்றித் திரும்பினாள். கால் நிற்கவில்லை. உடம்பு ஒரு பக்கமும் முட்டி இன்னொரு பக்கமும் போயின.

நன்றாக வெந்த பீங்கானைத் தட்டினால் ஓர் ஓசை வரும். உள்ளே விரிசல் விட்டதைத் தட்டினால் வேறு ஓசை வரும். முப்பது வருஷமாக அந்த வித்தியாசத்தைக் கேட்டுத்தான் நான் சரக்கைப் பிரிக்கிறேன். அன்று மைதானத்தில் நான் கேட்டது இரண்டாவது ஓசை. கணுக்கால் இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் ஓடிப் போனவன் நான்தான். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டேன். இன்னொரு கையால் துண்டின் ஈரப் பக்கத்தை வைத்து அந்தக் கட்டத்தைத் துடைத்துவிட்டேன். "மாமா, என்னாச்சு மாமா, பாருங்க மாமா" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. ஆட்டோவிலும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள்.

பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முட்டிக்குள் இருக்கும் ஒரு நார் அறுந்துவிட்டதாம். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அங்கே போய்க் காலுக்குப் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. வீரம்மாளுக்கு அந்த ஊர் பழக்கமில்லை, தமிழில் எழுதிக் கொடுத்தாலும் படிக்க வராது. நான் லீவு போட்டுக் கூடப் போனேன். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டு. ஜன்னலோரம் வளர்மதி காலை நீட்டி உட்காருவாள், நடுவில் வீரம்மாள், ஓரத்தில் நான். ஒருமுறை கண்டக்டர், "பொண்ணுக்கு என்னாங்க ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். பொண்ணு என்றுதான் கேட்டார். நானும் அப்படியே பதில் சொன்னேன். வீரம்மாள் மறுக்கவில்லை.

மே மாதத்திலிருந்து வளர்மதி எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்தாள். உட்கார்ந்து செய்யும் வேலையாக, கட்டையில் பித்தளைத் துண்டு பொருத்தும் வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். என் மேஜையிலிருந்து எட்டடி தூரம். சாயங்காலம் மூன்று பேரோடு நான்காவது ஆளாக அவளும் மதில் ஓரம் வந்து உட்காருவாள். அவள் இருக்கும்போதே அவளைப் பற்றிச் சண்டை நடக்கும். மறுபடி ஆடுவாள் என்று நான் சொல்வேன். திருமால், பார்க்கலாம் என்பார். கொளஞ்சிநாதன் மட்டும் அந்த மாதங்களில் அவளைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஆனால் திருச்சிக்குப் போகவில்லை.

அமிர்தம் போன பிறகு என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக இருந்த காலம் அதுதான்.

எல்லா ஆட்டத்தையும் திருமால் போனில் எடுத்து வைத்திருப்பார் என்பது எனக்கும் தெரியும். ஆட்டத்தைத்தான் எடுப்பார் என்று நினைத்திருந்தேன். நடுவில் நிறுத்தாமல் ஓடவிட்டிருக்கிறார். கொளஞ்சிநாதன் அதைக் கேட்டு வாங்கி, வீட்டு டிவியில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒருமுறை இல்லை, இரண்டு வாரம் பார்த்தேன் என்றார். போன வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு வந்தார். சூளைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சத்தம் போடவில்லை.

"குருமூர்த்தி, ஒண்ணு கேக்கறேன். கடேசிப் பகுதிக்கு முன்னாடி நீ எங்க தொடச்ச?"

"வேர்வ இருந்த எடத்தங்க."

"வேர்வ வலப்பக்கம் இருந்துச்சு. அந்தக் கடலூர்ப் பொண்ணு சறுக்கப் பாத்த எடம். நீ அத முடிச்சிட்டு எடப்பக்கம் போயி எதுக்குக் குந்தன?"

நான் சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டு வருஷம் அவளக் கொறை சொன்னவன் நான். மந்தம்னேன். பயந்தாங்கொள்ளின்னேன். ஆனா அவ காலு வழுக்காது. மழத் தண்ணியில ஆடியே அவ காலு வழுக்கல. அதான் எனக்கு ஒறுத்திகிட்டே இருந்துச்சு." என் தோளைப் பிடித்தார். "ஏன்டா செஞ்ச?"

"அவ போயிட்டா நீங்க திருச்சிக்குப் போயிடுவேன்னு சொன்னீங்க" என்றேன்.

அவர் அங்கே அடுக்கியிருந்த செங்கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சும்மா சொன்னன்டா" என்றார். "அது சும்மா சொன்னதுடா குருமூர்த்தி."

எழுந்து போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். மறுநாள் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார். அவர் சொன்னது எல்லாம் சரி. நான் எதையும் மறுக்கவில்லை.

அவருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. என் போன் உங்களிடம் இருப்பதால் எப்படியும் பார்ப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன்.

வீரம்மாளின் போன் அடிக்கடி ரிப்பேர் ஆகும் என்பதால், சென்னைக்காரர்கள் கேட்டபோது என் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். செப்டம்பர் கடைசியில் அந்த நீலச் சட்டைக்காரர் ஒரு மெசேஜ் அனுப்பினார். வளர்மதியின் முட்டி எப்படி இருக்கிறது, நவம்பரில் மறுபடி தேர்வு வைக்கிறோம், ஓட முடிந்தால் போதும், வரச் சொல்லுங்கள், அன்று ஆடியதைப் பார்த்த பிறகு அவளுக்காக ஓர் இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் பாண்டிச்சேரி டாக்டர் அவள் ஓடலாம் என்று சொல்லியிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். சென்னையில் கட்டடத்துக்குள்ளே ஆடுகிற தரை எல்லாம் மரமாம், விழுந்தாலும் அடிபடாதாம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நான் பதில் அனுப்பினேன். குடும்பத்தில் விருப்பம் இல்லை, வளர்மதி விளையாட்டை விட்டுவிட்டாள், நன்றி என்று. அதற்கு அவர் 'வருத்தமாக இருக்கிறது' என்று எழுதினார். அத்துடன் சரி.

பத்து நாள் கழித்து, வேலையில் இருந்தபடியே அவள் கேட்டாள்.

"மாமா, மெட்ராஸ்லேருந்து அவுங்க ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லம்மா."

"மறந்துட்டாங்களா?"

"பெரிய ஊரு. ஆயிரம் பேரு இருப்பாங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டையை எடுத்தாள். அடுத்த வாரம் தன் ஷூவைச் சின்னப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஆதிலட்சுமி சொன்னார். அதன் பிறகு மதில் ஓரத்துக்கும் வருவதில்லை. வேலை முடிந்ததும் நேராக ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அதில் எனக்கு வருத்தம்தான்.

வளர்மதியிடம் நாளைக்குத்தான் சொல்லப் போகிறோம் என்றீர்கள். சொல்லுங்கள். சொல்லும்போது ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் சார். கொளஞ்சிநாதன் அவளை நம்பவில்லை. திருமால் பாதிதான் நம்பினார். தேறமாட்டாள் என்று நினைப்பவன் எதற்கு மாவு தூவப் போகிறான்? அவள் நிச்சயமாகத் தேறுவாள், நிச்சயமாகப் போய்விடுவாள் என்று இந்த ஊரில் சந்தேகமில்லாமல் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைக் கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும்.